மூலை மேசைக்கு வேப்பம்பூ ரசம்

சாமி கும்பிடுவேன், செவ்வாய்க்கிழமை விளக்கேற்றுவேன், அத்தோடு சரி. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், 'போய் வேலையைப் பாரு' என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள் நான். செஞ்சிக் கடைத்தெருவில் இத்தனை வருஷம் ஓட்டல் நடத்தியவளுக்கு உயிரோடு இருக்கிறவர்களைச் சமாளிக்கவே பொழுது போதாது, இதில் செத்தவர்களை வேறு கவனிக்க வேண்டுமா? அப்படிப்பட்ட நானே சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். இல்லையென்றால் வயசான காலத்தில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் கோபமில்லை.

ஓட்டல் என் மாமனார் வைத்தது. முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு ஓடு, பிறகு தளம், அப்புறம் மாடியில் தங்குவதற்கு இரண்டு ரூம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கி, நாக்கு வறண்டு, கால் நடுங்க வந்து 'சாப்பாடு இருக்குதா' என்று கேட்காத வெளியூர்க்காரன் இல்லை. சனிக்கிழமை என்றால் வேப்பம்பூ ரசம். பூவை நெய்யில் கருக்க வறுத்து, ரசத்தை ஊற்றும்போதுதான் மேலே போடுவார். பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது, ஏனென்றால் மேல்சித்தாமூரிலிருந்து கடைத்தெருவுக்கு வருகிற ஜைனக் குடும்பங்கள் எங்களிடம்தான் நம்பிக் கை நனைக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக ஒதுக்கினதுதான் அந்த மூலை மேசை.

மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். இளையவன் செல்வம். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், மூலை மேசையில் உட்கார்ந்து ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிப்பான். 'டேய், வந்தவங்களுக்கு வெய்யிடா' என்று மாமனார் கத்துவார். அண்ணனும் தம்பியும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்தான்.

மாமனார் போன பதினாறாம் நாள், கருமாதிச் சாப்பாட்டில்தான் எல்லாம் கெட்டது. ஓட்டலில் பிரியாணியும் பரோட்டாவும் போட்டால்தான் இனிமேல் பிழைக்க முடியும் என்று செல்வம் சொன்னான். இவர், 'நைனா ஒக்காந்த எடத்துல கோழி வெட்டுவியாடா?' என்று கேட்டார். பேச்சு தடித்தது. உங்களுக்கே தெரியும், நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடக்குவோம், திரும்பவும் வருகிறோம் என்று அர்த்தம். சாவு வீட்டுச் சாப்பாட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடக்க வேண்டும். செல்வம் பாதிச் சாப்பாட்டில் இலையை அப்படித் தள்ளி மடக்கிவிட்டு எழுந்தான்.

"நைனாவோட சேத்து இந்த ஓட்டலும் எனக்கு செத்துப்போச்சு. இனிமே இங்க ஒரு பருக்க தொடமாட்டேன்" என்றான்.

அனந்தபுரத்தில் போய்ப் பரோட்டாக் கடை போட்டான். நன்றாகவே ஓடியது. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் என்னிடம் 'நல்லா கீறீங்களா அண்ணி' என்பான், அண்ணனிருக்கும் பக்கம் திரும்பமாட்டான். இவரும் வீம்புக்காரர்தான், ஆனால் உள்ளுக்குள் அழுதவர். சனிக்கிழமை மத்தியானம் அனந்தபுரம் பஸ் வந்து போகிற வரைக்கும் மூலை மேசையில் யாரையும் உட்காரவிட மாட்டார். கூட்டம் நின்றுகொண்டிருக்கும், நான் பல்லைக் கடிப்பேன், மனுஷன் அசையமாட்டார். பஸ் போன பிறகு, 'சரி, யாரையாவது ஒக்கார வெய்யி' என்று கல்லாவுக்குத் திரும்பிவிடுவார். இப்படியே எத்தனை வருஷம்! எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போன வருஷம் இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, ஓட்டலை மூடிவிடலாம் என்று முடிவானது. பிள்ளைகள் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள், சட்டி பிடிக்க யாரும் வரப்போவதில்லை. இடத்தை ஒரு செல்போன் கடைக்காரர் கேட்டார். கடைசி நாள் சனிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

செல்வத்துக்கும் அப்போது உடம்பு சரியில்லை, சர்க்கரை முற்றிக் கிட்னி கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒருமுறை இவர் பார்க்கப் போய், 'தூங்குறாரு மாமா' என்று அவன் சம்சாரம் மல்லிகா சொல்ல, வாசலோடு திரும்பி வந்திருந்தார். இருந்தாலும் அந்த வாரம் போன் போட்டார். "சனிக்கிழமையோட மூடுறோம்மா. ஒரே ஒரு வேள வந்து சாப்ட்டுப் போவச் சொல்லு. நான் பேசக்கூட மாட்டேன், உள்ளயே இருந்துக்கறேன்" என்றார். "சொல்றேன் மாமா" என்று அவள் அழுதாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே நல்ல கூட்டம். ரசத்தை நானே வைக்கிறேன் என்று இவர் அடுப்படிக்குப் போய்விட்டார், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வெளியே வரவே இல்லை. நான் கல்லாவுக்கும் பந்திக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அந்த மூலைக்கே போனது. ஒருமுறை திரும்பிப் பார்த்தால், செல்வம் உட்கார்ந்திருக்கிறான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு பயமும் வரவில்லை. பட்டப்பகல். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான், அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வா செல்வம். ஒடம்பு முடியலன்னாங்களே, எப்டி வந்த?"

"வந்துட்டேன் அண்ணி. பசிக்குது, சோறு போடுங்க."

நானே இலை போட்டேன், நானே பரிமாறினேன். சாம்பார் வேண்டாம் என்று கையைக் காட்டினான். ரசத்தை ஊற்றினதும் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்து பிசைந்து சாப்பிட்டான், சின்ன வயசில் சாப்பிடுகிற அதே வேகம். இரண்டாம் முறையும் ரசம் வாங்கினான்.

"அண்ணன் வச்சதா?"

"வேற யாரு வெப்பாங்க?"

"நைனா வெக்கிற மாரியே கீது" என்றான்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடினேன்.

"இன்னாடி, எதுக்கு அழுவுற?" என்றார் இவர்.

"செல்வம் வந்து ஒக்காந்து சாப்டுறான். வாங்க வெளிய."

மனுஷன் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அவசர அவசரமாகச் சின்ன வாணலியை அடுப்பில் வைத்தார். "அந்த ரசம் ஆறியிருக்கும்டி. புதுசாப் பூ வறுத்துப் போட்டு சூடா ஒரு டம்ளர் எடுத்துனு வரேன். அவனுக்குக் குடிக்கத்தான் புடிக்கும்" என்றார். நெய்யைக் கீழே வேறு கொட்டினார். டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வர, நான் பின்னால் வந்தேன்.

மூலை மேசையில் யாரும் இல்லை. இலை மட்டும் இருந்தது. தன் பக்கமாக, ஒழுங்காக மடக்கியிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் பார்த்தோம், தெருவில் பார்த்தோம். சப்ளையர் கோவிந்தனைக் கேட்டால், "யாரோ ஒருத்தர் ஒக்காந்துனு இருந்தாரும்மா, நான் அந்தாண்ட மோர் ஊத்திகினு இருந்தேன், மூஞ்சியப் பாக்கல" என்றான். அனந்தபுரம் பஸ் வந்துவிட்டதா என்று இவர் எதிர்க்கடையில் கேட்டார். இன்னும் வரவில்லை என்றார்கள்.

"வேற எதுலயாவது வந்திருப்பான். என் மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுனு போய்ட்டான்" என்று இவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். கோவிந்தன் இலையை எடுக்க வந்தான், இவர் விடவில்லை. தம்பி சாப்பிட்ட எச்சில் இலையை அண்ணன் தன் கையால் எடுத்தார். "பாத்தியாடி, நம்ம பக்கமா மடக்கியிருக்கான்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மல்லிகா.

"அக்கா, அவரு போய்ட்டாருக்கா. அர மணி நேரம் ஆவுது. ரெண்டு நாளா தண்ணிகூட எறங்கலக்கா. காலைல கண்ணத் தொறந்து, இன்னிக்கு சனிக்கிழமையான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதான் கடைசியாப் பேசனது."

ரசம் டம்ளர் மேசைமேலேயே இருந்தது. மற்ற மேசைகளில் இலையும் எடுக்காமல், விளக்கும் அணைக்காமல் கிளம்பினோம். நான் கண்டது செல்வமே இல்லை, ஆசையில் வேறு யாரையோ நினைத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள்?

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான், என் மேசையில் உட்கார்ந்தவன் இவ்வளவு மோசமாக இல்லை. அழுதுகொண்டே வலது கையைப் பிடித்தேன். ஆள்காட்டி விரல் நகக்கண்ணில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு வேப்பம்பூ. மரத்திலிருந்து விழுந்த பூ வெள்ளையாக இருக்கும் ஐயா. இது நெய்யில் கருகின பூ. விரலை மூக்கருகே கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்தால், இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்தார், தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார், அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு அப்போதுதான் ஓவென்று அழுதார்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் எல்லாரும் இலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடக்கினார்கள். இவர் மட்டும் தன் பக்கமாக மடக்கினார். 'இன்னாபா இது, கருமாதில போய் இப்டி மடக்கற?' என்று பங்காளி ஒருவர் சத்தம் போட்டார். "அவன் அப்டித்தான் மடக்கிட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து கை கழுவப் போனார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மல்லிகாவிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இலை எடுக்க வந்தவள் என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒடம்பத் தொடைக்கும்போது அவரு கையெல்லாம் ரச வாசன அடிச்சிதுக்கா. நான் ரசமே வெக்கல. அது எங்கருந்துக்கா வந்துச்சு?"

இப்போதும் போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறாள்.