ஸ்படிகத்துக்கு வைத்த சந்தனம்

காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறையேதான் ரேடியோ ரிப்பேர் கடை. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் துறைமுக வேலையை உதறிவிட்டுக் கடை போட்டு ஒரு தீபாவளிகூட ஆகவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று என் அண்ணன் என் காதுபடவே சொல்லியிருந்தார். கடை படுத்துவிட்டால் அந்த அண்ணன் இருந்த எஸ்டேட்டுக்கே போய் நிற்கவேண்டும். செத்தாலும் போகமாட்டேன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்போதுதான் உஜோங் பாசிரிலிருந்து தவுக்கே ஒருவர், சீன முதலாளி, வந்தார். அவருடைய சரக்குப் படகில் ஒரு வயர்லெஸ் செட், கரையில் கிடங்கில் ஒன்று. கிடங்கு செட்டுக்குள் இருந்த குவார்ட்ஸ் சில்லு உடைந்துபோயிற்று. அந்தச் சில்லு துடிக்கிற வேகத்தில்தான் செட் பேசும். படகில் இருப்பதும் கரையில் இருப்பதும் ஒரே வேகத்தில் துடிக்கவேண்டும். சிங்கப்பூரிலிருந்து புதுசு வர வாரக்கணக்காகும். படகோ ஆயுத பூஜைக்கு மறுநாள் கிளம்புகிறது. முடியாவிட்டால் இனி எல்லா வேலையும் சிங்கப்பூருக்கே போகும் என்றார் தவுக்கே. முடியும் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

படகு செட்டையும் கிடங்கு செட்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, பழைய சில்லு ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தார். தேயத் தேய வேகம் கூடும். இரண்டு செட்டையும் ஒன்றாகப் போட்டால் ரேடியோவில் விசில் கேட்கும். வேகம் நெருங்க நெருங்க விசில் தணிந்து, ஒத்துப்போனால் அடங்கிவிடும். தணிந்துகொண்டேதான் வந்தது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று தேய்த்தார். எல்லை தாண்டி, மறுபடி கீச்சென்று ஏறிவிட்டது. தேய்ந்ததை ஒட்டவைக்க முடியுமா? தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. குறடு, திருப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். மேசையில் அந்தச் சில்லு கிடந்தது. எனக்குத் தெரிந்தவரை அது ஸ்படிகம். ஸ்படிக லிங்கத்தைக் கும்பிட்டு வளர்ந்தவளுக்கு அதை மட்டும் விட மனசு வருமா? அதற்கும் சந்தனம் வைத்தேன்.

பார்த்தாரே, தாம் தூம் என்று குதித்தார். ஈரம் தங்கினாலே ஊமையாகிவிடும் பொருளில் சந்தனமா என்று கத்தினார். வீணாய்ப் போனதற்கு வைத்தால்தான் என்ன என்று நானும் விடவில்லை. முந்தானையால் வெடுக்கென்று துடைத்து அவர் கையில் திணித்தேன். உயிர் இருக்கிறதா பார்க்க, அதை ஹோல்டரில் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் செட்டைப் போட்டார். விசில் வந்தது. ஆனால் முதல்நாள் இருந்ததைவிடத் தணிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால், சில்லின் ஓரத்தில் காய்ந்த சந்தனம் மெல்லிசாய் ஒட்டியிருந்தது.

"ஏங்க, கனம் ஏறினா வேகம் இறங்குதுல்ல? சந்தனம் உதிர்ந்துடும். உதிராததா எதையாவது பூசுங்க" என்றேன்.

அவர் சில்லை ஸ்பிரிட்டில் கழுவி, காதில் செருகியிருந்த பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீயே பூசு. நான் பூசினா மறுபடி எல்லை தாண்டிடும்."

இழை தப்பாமல் கோலம் போட்ட கை எனக்கு. ஓரத்தில் ஒரு கீற்று பூசுவேன், அவர் போட்டுக் கேட்பார், கழற்றித் தருவார். படைத்த சுண்டல் ஆறிப்போன பிறகு விசில் அடங்கியது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. தாங்குவானேன்?

அடுத்த நாள், படகு கண்ணுக்கு மறைந்தபின், நானும் பக்கத்தில் நிற்க, கிடங்கு செட்டிலிருந்து இவர் படகைக் கூப்பிட்டார். வெறும் இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். தவுக்கே வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்புறம் படகுக்காரரின் மலாய்க் குரல் கணீரென்று பதில் சொன்னது. இவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ஹலோ என்றதும் அந்தப் பக்கம் ஒரு திகைப்பு.

"சியாப்பா இனி?" யார் இது என்று கேட்டார்.

கடைக்காரர் பெண்சாதி என்று சொல்லியிருக்கலாம்.

"மெக்கானிக்" என்றேன்.