ஒயில் பார்க்கும் வேலை

ஆனையிறவு வெட்டைவெளியில் காருக்குப் பின்னால் தெருவே தெரியவில்லை. கண்ணாடி நிறையப் புகைதான். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்தபடி முந்தினான். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டே திட்டினார். எனக்கும் யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தவரைத் திட்ட முடியாது. கிளிநொச்சியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்பும் நாட்களில் என் கணவருக்குத் தலையை நிமிர்த்தவே சீவன் இராது. கார் இங்கே நின்றால் அவரை எங்கே இருத்துவது? ஒரு மர நிழல்கூடக் கிடையாது. பளை வரும்வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டில் அவரைப் படுக்க வைத்துவிட்டு வந்து பொனற்றைத் திறந்தேன். எங்கள் இரண்டு பேரையும்விட மூத்த கார் அது. ரேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை. தண்ணீர் உள்ளே போனால் புகை வெள்ளையாக வரும். பெற்றோல் கூடினால் கறுப்பாக வரும். எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நீலம். எரிந்த ஒயிலின் காரம் கண்ணைக் கடித்தது. கராஜ்காரத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“நீலமெண்டா அனேகமா பிஸ்ரன் ரிங் தேஞ்சிட்டுது அக்கா. எஞ்சினை இறக்கவேணும். இந்தக் காருக்குச் சாமான் தேடி எடுக்கவே ஒரு மாதம் போகும். அதுக்கிடையில ஓடாதேங்கோ. ஒயில் பாத்தனீங்களோ?”

“அவர் விடியப் பாத்தவர். சரியாம்.”

போனை வைத்தேன். ஒரு மாதம்! நாளை மறுநாள் அவரைத் திரும்பவும் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோன ஒருமுறை படியிலேயே விழுந்துவிட்டார். ஓட்டோக் குலுக்கத்தில் ஊசி குத்திய இடம் கசியும். ஒருதரம் தவறினால் உடம்பில் நீர் கட்டி மூச்சு இழுக்கும். அதை ஒருமுறை பார்த்திருக்கிறேன், இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது.

கார் ஓட்டுவதை விட்ட நாளில் கார்த் திறப்பை என்னிடம் தந்தவர், ஒயில் பார்க்கும் வேலையை மட்டும் தரவில்லை. விடிந்ததும் பொனற்றைத் திறந்து, ஒயில் அளவு காட்டும் கம்பியை இழுத்து, துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு “சரி” என்பார். அவருக்கென்று மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். நானும் அதில் தலை போட்டதில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கம்பியை முதல்முதலாக நான் இழுத்தேன். ஒயில் நிற்கவேண்டிய மேல்கோட்டைத் தாண்டி, கம்பியின் பாதிவரை ஒயில் பிசுபிசுத்தது. ஒயில் அளவுக்கு மீறினாலும் அது எரிந்து நீலப் புகைதான் வரும். கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். சமீபத்தில் வாங்கிய ஒயில் கலன் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“ஒவ்வொரு நாளும் ஒயில் விடுறீங்களோ?”

“கொஞ்சமாத்தான்,” என்றார் கட்டிலில் இருந்தபடி. “அந்தக் காலத்தில நாள்தோறும் விட்டனாங்கள்தானே?”

அந்தக் காலம் எனக்குத் தெரியாததா? போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலைக் கண்ணாலும் காணாத வருடங்களில் இதே கார் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் ஒயிலையும் சேர்த்துக் குடித்தது. துணியில் வடித்த பழைய ஒயிலாவது ஒரு பேணி ஊற்றாமல் காலையில் ஒருவரும் காரை எடுத்ததில்லை. ஆனால் இப்போது ஓடுவது பெற்றோலில் அல்லவா!

“கம்பியில கோடு இருக்கெல்லே! அதுக்கு மேல நிக்கிறதைப் பாத்தும் ஏன் ஊத்தினனீங்கள்?” என்று கத்தினேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கோடு எனக்குத் தெரியிறேல்லை. கன நாளாத் தெரியிறேல்லை. ஒயில் குறைஞ்சா எஞ்சின் இறுகிப்போம். நீர் திரும்பி வரேக்க என்னையும் வைச்சுக்கொண்டு தனிய ஓடுறீர். கூடினாப் பிழையில்லை எண்டு நினைச்சன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நட்டுக் கழற்றும் சாவிகளை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன்.

பொழுது சாய்வதற்குள் அடி நட்டைத் தளர்த்தி, பழைய தாச்சிச் சட்டியில் ஒயிலை இறக்கி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டேன். புகை அப்படியே வந்தது. அப்போ ரிங்தான் போய்விட்டதா? நிறுத்த மனம் வரவில்லை. புகைக் குழாயில் படிந்த மிச்சம் எரியட்டும் என்று குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலம் மெல்ல மெல்ல வெளிறியது. பிறகு புகைக்குப் பின்னால் வேலிக் கதியால் தடிகள் தெரிந்தன. அதற்குப் பிறகு புகையே இல்லை.

கம்பியைக் கழற்றி, மேல்கோடு இருந்த இடத்தில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டேன். ஆழமான வெட்டு, நகம் தடுக்கும் அளவுக்கு. கீழ்க்கோட்டிலும் ஒன்று.

போகவேண்டிய நாள் விடிந்ததும் அவரைக் கையைப் பிடித்துக் காரடிக்குக் கூட்டிவந்து கம்பியைக் கொடுத்தேன். துடைத்து, திரும்ப உள்ளே விட்டு, இழுத்து, விரலை மெதுவாக ஓட்டினார். வெட்டில் நகம் தடுத்ததும் நின்றார். திரும்பவும் ஒருமுறை தடவினார்.

“வெட்டுக்குக் கீழதான் நிக்குது. இண்டைக்கு விடத் தேவையில்லை. நீர் பயப்பிடாம எடும்,” என்றார்.

அவர் எழும்புமுன்பே நான் ஒயில் பார்த்துவிட்டிருந்தேன். சொல்லவில்லை.