ஆணி அடிக்காத வீட்டுக்காரர்

1993 ஜூன் மாதத்திலிருந்து மஹாந்தேஷ் நவலகுந்த் மாடிப்படியின் அடியிலேயே செருப்பைக் கழற்றி, அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறார். இந்த ஜூலையில் மாடியும் படியுமாக ஒரு முழு வீடே அவர் பெயருக்குப் பதிவாகிவிட்டது. செருப்பு இன்னும் கையில்தான் இருக்கிறது.

"மாஸ்தரே, சொந்த வீட்டுக்குள்ள திருடன் மாதிரி ஏறிப் போற ஆளை இப்பதான் ரீ பார்க்கறேன்" என்று எதிர்வீட்டு ஜமகண்டி, அந்த ஊர் மரியாதை விளியான 'ரீ'யையும் சேர்த்து, தன் கேட்டிலிருந்து குரல் கொடுக்கிறார். மாஸ்தர் உதட்டில் விரலை வைத்துக் கீழ்வீட்டுச் சன்னலைக் காட்டுகிறார். உள்ளே குஸுமாபாய் இனாம்தார் மதியத் தூக்கத்தில் இருக்கிறார். வீட்டை விற்றவர் அவர். புனேயிலிருந்து மகன் வந்து அழைத்துப் போகும்வரை, தசரா முடிய, கீழேயே இருந்துகொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். ஆக, வீட்டுக்காரர் மாடியில், குடித்தனக்காரர் கீழே. பயப்படுவது மட்டும் பழையபடி மாடிக்காரர்தான்.

மாஸ்தருக்கு அறுபத்தோரு வயது, ஆறடி உயரம். போன வருடம் வரை தார்வாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்தர். மைதானத்தில் அவர் "ஸாவதான்!" என்று ஒரு குரல் கொடுத்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் விறைப்பாக நிற்பார்கள் என்று அவர் தெரு இருக்கும் மாளமட்டிப் பேட்டையில் சொல்வதுண்டு. அதே மனிதர் வீட்டில் உப்பு கேட்பது பக்கத்துத் தட்டுக்குக் கேட்காது. "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லன்னு என் தங்கச்சி ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தா" என்கிறார் மனைவி கஸ்தூரி. "சண்டை போடணும்னாலும் இந்தக் குரல்லதான் போடணும். பாதியில ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடும்."

காரணம் மரப்பலகை. மாளமட்டியின் பழைய வீடுகளில் மாடித் தளம் முழுக்கப் பலகைதான். மேலே நாற்காலி நகர்ந்தால் கீழே டீ டம்ளர் அதிரும். கல்யாணமான புதிதில் மாஸ்தர் குடிவந்த முதல் மாடியே குஸுமாபாயுடையதுதான். தெரு முழுக்க அவரை வைனி என்று கூப்பிடும். அண்ணி என்று பொருள். ஆனால் அண்ணியிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையை யாரும் அவரிடம் எடுத்துக்கொண்டதில்லை. சாவியைக் கொடுத்த அன்று வைனி சொன்னது இது: "வாடகை முன்னப்பின்ன வந்தா பொறுத்துக்குவேன். என் சுவத்துல ஒரு ஆணி இறங்குச்சுன்னா அன்னிக்கே வீடு காலி." சுண்ணாம்புச் சுவர் அது. ஓர் ஆணிக்கு ஒரு கைப்பிடி உதிரும். சத்தத்துக்கும் சட்டம் உண்டு. மேலே ஏதாவது அதிர்ந்தால், கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் பலகையில் ஒரே ஒரு தட்டு. விளக்கம் எதுவும் வராது.

இதில் அதிகம் கஷ்டப்பட்டது கஸ்தூரி. அவர் பிறந்த பக்கத்தில் சோள ரொட்டி தட்டும் சத்தத்தில்தான் ஊரே விழிக்கும். இங்கே கம்பளியை நாலாக மடித்து, அதன்மேல் பலகையை வைத்து, மாவைத் தடவிக் கொடுப்பது போலத் தட்டக் கற்றுக்கொண்டார். ரொட்டி தடித்து வந்தது. பார்க்க வந்த அம்மா ஒரு விள்ளலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரொட்டியா, தலையணையாடி?" டிரில் மாஸ்தரின் மகள் தாரா ஓடிப் பழகியதெல்லாம் தெருவில்தான். வீட்டுக்குள் ஓடியதே கிடையாது.

பிறகு மாடிகள் மாறின. தெரு மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் பள்ளிப் பிள்ளைகள் கட்டிலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நாலு கேட் தள்ளிக் கொண்டுபோய் வைப்பார்கள். பால்காரருக்குச் சில படிகள் கூடும், அல்லது குறையும். அவ்வளவுதான். ஆணிச் சட்டம் எல்லா மாடிக்கும் கூடவே வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி சன்னல் கம்பியிலிருந்து கயிற்றில் தொங்கும். காலண்டர் பீரோக் கைப்பிடியில். மாஸ்தரின் அப்பா அம்மா ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட பெரிய படம் ஒன்று, கனத்த சட்டம் போட்டது, தரையில், டிரங்குப் பெட்டியோடு சாய்ந்திருக்கும். கூட்டுகிறபோது கஸ்தூரி அவர்களைத் தூக்கி வைத்துவிட்டு, மறுபடி கொண்டுவந்து உட்கார்த்துவார்.

கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே லேஅவுட்டுகளில் மனை வாங்கி வீடு கட்டிவிட்டார்கள். மாஸ்தரையும் ஒருநாள் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அகலமான ரோடு, விலையும் குறைவு. திரும்பி வந்தவர் இதே தெருவில் இருக்கும் என்னிடம் சொன்னார்: "மரமெல்லாம் என் முழங்கால் உயரம் இருக்கு. அது வளர்ந்து எனக்கு எப்ப நிழல் குடுக்கறது? நாய்கூட யாருடா இவன்னு குலைக்குது." இந்தத் தெருவில் அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரைமணி நேரம் ஆகும். கேட்டுக்கு ஒரு பேச்சு. எந்த வீட்டு மாங்காய் ஊறுகாய்க்கு, எது பழத்துக்கு, யார் வீட்டில் எப்போது தூக்கம் என்பதெல்லாம் பேச்சில்லாமலே தெரிந்த தெரு. இங்கே ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வைனி தன் பித்தளை அண்டாவை ஜமகண்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அன்றே, அவர் வீட்டை விற்கப்போகிற விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது மாஸ்தர் குடியிருந்தது அதே ஜமகண்டியின் மாடியில். ஜமகண்டி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடி அவர்களுக்கே வேண்டும். தெருவில் வேறு மாடி காலியில்லை. வைனியின் வீடு கிடைத்தால் தெரு. இல்லாவிட்டால் முழங்கால் உயர மரங்கள்.

ஓய்வுப் பணத்தோடு, சொந்த ஊரான நவலகுந்தில் இருந்த கரிசல் நிலத்தில் தன் பங்கையும் விற்றுச் சேர்த்தால், வைனி கேட்ட விலை சரியாக வந்தது. மாஸ்தர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஹூப்ளியிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். மாஸ்தரால் எட்ட முடியாத விலையைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "சுவரெல்லாம் போயாச்சம்மா. மனைக்குத்தான் விலை. கட்டடத்தை ரெண்டே நாள்ல இறக்கிடலாம்." வைனி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். டீ கொடுக்கவில்லை. அதைத் தெரு கவனித்தது. ஆனால் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

அந்த வாரம் மாஸ்தர் சன்னலை விட்டு நகரவில்லை. "ரீ, பார்த்துட்டே இருந்தா வீடு இந்தப் பக்கம் நடந்து வராது. சாப்பிட வாங்க" என்று கஸ்தூரி சாப்பாட்டைச் சன்னலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒருநாள் நாலு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வைனி ஜமகண்டியின் மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். எழுபத்தாறு வயது. யார் மாடிக்கும் ஏறிப் போகிறவர் இல்லை. கஸ்தூரி அவசரமாகப் பொரியில் வெங்காயமும் புளிக்கரைசலும் போட்டுக் கிர்மிட் கலக்கினார். மாஸ்தர் நின்றுகொண்டே இருந்தார். வைனி இருவரையும் பார்க்கவில்லை. சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரீ மாஸ்தரே, ஜமகண்டியும் ஆணி அடிக்க விடமாட்டானா?"

"அவர் விடுவார் வைனி. எனக்குத்தான் கை வரல."

வைனியின் பார்வை கீழே இறங்கியது. "தரையில உக்கார்ந்திருக்கறது யாரு?"

"அப்பா. அம்மா."

"எத்தனை நாளா?"

கஸ்தூரிதான் பதில் சொன்னார். "உங்க மாடிக்கு வந்த நாள்லேர்ந்து, வைனி."

வைனி தட்டில் ஒரு பொரி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "பச்சமிளகா பத்தல" என்றார். எழுந்து இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை தன் வாசல் மாமரத்தடியில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி எதிர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "மாஸ்தரே! ஹூப்ளிக்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு தட்டுத் தட்டிட்டு போயாச்சுங்கறான். ஒரு ஆணி தின்னாத சுவரு, எங்க போகும்? நான் சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க. குறைக்கச் சொல்லி வாயைத் திறந்தீங்க, அவனைத் திரும்பக் கூப்பிட்டுருவேன்."

மாஸ்தர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சத்தம் வந்திருக்காது என்கிறார் ஜமகண்டி.

பதிவு முடிந்து, மாஸ்தர் குடும்பம் தெருவைக் கடந்து வைனியின் மாடிக்கே, முதன்முதலில் குடியிருந்த அதே இடத்துக்கு, வந்து சேர்ந்தது. முதல்நாள் காலையிலேயே கஸ்தூரி கம்பளியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, பலகையைத் தரையில் வைத்து ரொட்டி தட்ட ஆரம்பித்தார். தட், தட், தட். மாஸ்தர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

"ஏ, மெல்ல! கீழ வைனி இருக்காங்க."

"இருக்கட்டும் ரீ. நாம அவங்க வீட்டுல இல்ல, அவங்கதான் நம்ம வீட்டுல இருக்காங்க."

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "கஸ்தூரி, இப்பதான் ரொட்டி சத்தம் மாதிரி இருக்கு. எனக்கு ரெண்டு அனுப்பு."

பெண்கள் இருவரும் புது ஏற்பாட்டுக்கு இப்படிச் சட்டென்று பழகிக்கொண்டார்கள். வைனிக்குக் குடித்தனக்காரராக இருப்பது வெகுவாகப் பிடித்துப்போய்விட்டது. "வீட்டுக்காரரே, குழாய் சொட்டுது!" என்று காலையில் கூப்பிடுவார். மாஸ்தர் ஸ்பேனரோடு இறங்கி ஓடுவார். "சீக்கிரம் பாருங்க. அந்தக் காலத்துல என் மாடிக் குழாய்க்கு நீங்க காத்திருந்த மாதிரி மூணு மாசம் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது." மூன்று மாதம் காக்க வைத்தது யார் என்று மாஸ்தர் கேட்பதில்லை. வாஷரை மாற்றிவிட்டு, ஈரத் தரையைத் தானே துடைத்துவிட்டு, முன்பாதத்தில் நடந்து மேலே வந்துவிடுவார்.

அப்பா அம்மா மட்டும் இன்னும் தரையில்தான் இருந்தார்கள். தசரா நெருங்கியது. வைனியின் பெட்டிகள் கூடத்துக்கு வந்துவிட்டன. போன வெள்ளிக்கிழமை மதியத் தூக்கம் முடிந்து எழுந்தவர், மாடிப்படியின் கீழே வந்து நின்றார்.

"மாஸ்தரே, நான் போறதுக்குள்ள அந்த ஆணியை அடிங்க. என் சுவரு எப்படித் தாங்குதுன்னு எனக்குத் தெரியணும்."

சுத்தியல் மாஸ்தர் வீட்டில் கிடையாது. ஜமகண்டி தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் ஏறிப் போனேன். எந்த இடம் என்பதற்கே நேரம் பிடித்தது. மாஸ்தர் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். கஸ்தூரி படத்தைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு, "ரீ, கை வலிக்குது, இவங்க ரெண்டு பேரும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல" என்றார். மாஸ்தர் ஆணியை வைத்து முதல் அடி அடித்தார். கதவைத் தட்டி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போல இருந்தது. ஜமகண்டி தலையில் கைவைத்தார். இரண்டாவது அடிக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. தரையில் விழாமல் மாஸ்தர் அதை இடது கையில் ஏந்திக்கொண்டார். ஆணி பாதி இறங்கியது. அங்கே நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கீழே காது கொடுத்தார்.

பலகையில் துடைப்பக் கட்டையின் தட்டு கேட்டது. ஒரே ஒரு தட்டு.

மாஸ்தரின் கை தானாகத் தாழ்ந்தது. கஸ்தூரியும் படத்தை மெல்ல இறக்கத் தொடங்கிவிட்டார். அதற்குள் சன்னல் வழியாகக் குரல் ஏறி வந்தது.

"ஏன் ரீ நிறுத்திட்டீங்க? பாதி ஆணியில எந்தப் படம் நிக்கும்? ஸாவதான்னு மைதானத்துல கத்துவீங்களே, அந்த வேகத்துல அடிங்க!"

மாஸ்தர் அடித்தார். மாமரத்தில் இருந்த காக்கைகள் கிளம்பிப் போயின.

ஞாயிறு காலை ரயிலில் வைனி மகனோடு புனே போகிறார். திங்கட்கிழமை மாஸ்தரும் கஸ்தூரியும் கீழே இறங்குகிறார்கள். மாடி வாடகைக்கு. வருகிறவர்களை ஆணி அடிக்க விடுவீர்களா என்று கேட்டேன். மாஸ்தர் "ஒண்ணு அடிச்சுக்கட்டும்" என்றார். பிறகு, "எந்த இடம்னு என்கிட்ட கேட்டுட்டு."

"மாடி வாடகைக்கு" என்று எழுதிய பலகை நேற்றே மாமரத்தடிக்கு வந்துவிட்டது. மரத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறார்.