என் பேர் வைக்கவிருந்த ஈ

என் கணவர் கொடைக்கானலில் விலங்கியல் வாத்தியார். பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வர மறந்தாலும் ஈ பிடித்து வர மறக்கமாட்டார். உடம்பு வால்பக்கம் கூம்பி ஊசியாய் முடியும் ஈ. புத்தகத்தில் ஸ்டிலெட்டோ ஈ. எங்கள் வீட்டில் ஊசி ஈ. கொடைக்கானல் மழையில் பூசணம் பூத்துவிடும் என்று அந்தப் பெட்டிகளை என் அடுப்புக்கு மேலேதான் வைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முழுக்க என் சாம்பாரில் அந்துருண்டை வாசம்தான்.

கீழ்மலையில், பெரும்பாறை ஓடை மணலில் பிடித்த சில ஈக்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளிமயிர். தெரிந்த எந்தப் பேரினத்திலும் அவை அடங்கவில்லை. அத்தனையும் ஆண். பெண் ஒன்று கிடைத்தால் புதுப் பேரினம் என்று எழுதிவிடலாம், அதற்கு என் பேரையே வைக்கலாம் என்றார். ஊரில் அவனவன் பெண்டாட்டி பேரில் வீடு கட்டுகிறான், எனக்கு ஈயா என்று ஏசினேன். ஏசினேனே தவிர, ஆசை வந்துவிட்டது. ஈக்களைப் படம் வரைவது நான்தான். ஒரு படத்துக்கு அடியில் என் பேரை எழுதிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு அடுப்பில் போட்டேன்.

மேல்மலையில், பள்ளங்கி உருளைக்கிழங்குக் காட்டில் பிடித்த பழுப்பு ஈக்கள் தனிப் பெட்டியில் இருந்தன. அது ஏற்கெனவே பேர் வைத்த பேரினம். எங்களிடம் இருந்தவை எல்லாம் பெண். மேல்மலைக்காரர்களுக்குக் கீழ்மலை என்றால் வேறு சீமை. ஈயும் அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஒரு பெட்டி முழுக்க ஆண், ஒரு பெட்டி முழுக்கப் பெண். படித்த மண்டைகள் இரண்டுக்கும் உறைக்கவில்லை.

ஒரு கோடை விடுமுறையில் ஓடைக்கு நானும் போனேன். அவர் பாறைக்கு அந்தப் பக்கம் வலையோடு நின்றார். என் காலடி மணலில் வெள்ளி ஈ ஒன்று, அதோடு இணைந்தபடி ஒரு பழுப்பு ஈ. அதன் நெற்றியில், பள்ளங்கி ஈக்களுக்கு நான் எத்தனையோ முறை வரைந்த அதே கறுப்புப் பொட்டு. காலை அசைத்திருந்தால் இரண்டும் பறந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

“ஏங்க, இங்க வாங்க. பள்ளங்கி ஈயும் உங்க ஈயும் சோடியாக் கெடக்கு.”

குனிந்து பார்த்தவர் வலையை ஓங்கவில்லை. “பிடிச்சா ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிரும், ஒம் பேரு போயிருமே” என்றார்.

“பேரு கெடக்கு. வெரசாப் போடுங்க.”

போட்டார். இரண்டையும் ஒரே ஊசியில் ஏற்றி, பழைய பேரினத்தின் பெட்டியிலேயே வைத்தோம். ஊசியில் கோக்கும் சீட்டில் ஊர், தேதி, பிடித்தவர் பேர் எழுதுவது வழக்கம். கடைசி வரியில் எப்போதும் அவர் பேர்தான் இருக்கும். அன்றைக்கு என் பேரை எழுதினார். வலை போட்டது நீங்கள்தானே என்று சண்டைக்குப் போனேன்.

“கூப்பிட்டது நீதானே” என்றார். அப்போதுதான் அழுதேன்.