அக்காவின் நான்கு துடிப்புகள்

பிறந்த தேதி என்ன என்று கைபேசித் திரை கேட்டது. சிரம்பானில் ஒரு சைக்கிள் கடை. அக்கா வாங்க முடிவு செய்த கருவியை அவளுடைய கைபேசியோடு இணைத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று கட்டங்கள். நான் நிமிர்ந்து அவளைக் கேட்கவில்லை. ஐசி என்று நாங்கள் சொல்லும் அவளுடைய அடையாள அட்டையின் எண் எனக்கு மனப்பாடம். நம் நாட்டில் அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. அவளுக்காக எத்தனையோ படிவங்களை நிரப்பிய விரல் அந்த ஆறு இலக்கங்களைத் தானாகவே தட்டியது. எங்கள் குடும்பத்தில் தேதிகளில் தவறாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் எதற்கு எப்போது மின்சாரம் வந்தது என்பது வரைக்கும் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருப்பவன் நான். அன்று தவறினேன்.

அக்கா மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அறுபது வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தெமியாங்கில் உள்ள வீட்டில் ஒரு மாதம் சும்மா இருந்தாள். அடுத்த மாதம் சைக்கிள் வாங்கினாள். ஞாயிறு காலைகளில் ஒன்றுகூடும் ஒரு குழுவில் சேர்ந்தாள். அதன் தலைவர் முன்னாள் தீயணைப்பு வீரர். எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிடுவார்கள். கோலா கிளாவாங் போகும் மலைச்சாலையில் அவருடைய நண்பர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்திருக்கிறார். அதன்பின் அவர் ஒரு விதி வைத்தார். அறுபது தாண்டியவர்கள் மலையேற வந்தால் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி கட்டாயம். வயதுக்குரிய உச்சத்தைத் துடிப்பு தொட்டு அது ஒலித்தால், பின்னால் வரும் காரில் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொள்ள வேண்டும். நியாயமான விதிதான். அக்காவுக்கு அந்த மலையை ஏறியே ஆக வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுக்க ஏழு ஞாயிறுகள் பிடித்தன. கிடைத்த கட்டுரைகளையெல்லாம் வாசித்து நான் ஒரு அட்டவணை போட்டேன். அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழுவில் இருந்தவர்களிடம் கருவிகளை இரவல் வாங்கி, நாங்கள் வளர்ந்த தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓட்டிப் பார்த்தாள். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டிருக்கிறார்கள். பாதைகள் மட்டும் பழைய பாதைகள். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் கற்களில் கை அதிர அதிர நூற்றெண்பதுக்குத் தாவியது. அவளோ என்னோடு பேசிக்கொண்டு நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை நிறுத்தி, கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பத்துகூட இல்லை.

"இது என் நெஞ்ச கேக்கலடா, சைக்கிள் ஆட்டத்த கேக்குது," என்றாள்.

கைபேசி மழையில் திணறியது. தொடுதிரை வைத்த கருவி வியர்வை விரலுக்குக் கட்டுப்படவில்லை. கடைசியில் பொத்தான்கள் வைத்த சிறிய ஜிபிஎஸ் பெட்டியைக் கைப்பிடியில் பொருத்திக்கொள்வது, துடிப்புக்கு நெஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொள்வது என்று முடிவானது. பட்டையை எங்கே கட்டுவது என்று அக்கா கேட்டதற்குக் கடைக்காரர் கூரையைப் பார்த்தபடி, "சட்டைக்கு உள்ள லா அக்கா," என்றார். "அத என் மூஞ்சப் பாத்தே சொல்லலாம் தம்பி," என்று சொல்லி அவள் பட்டையை இழுத்து நீளம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நான் தேதியை உள்ளிட்டு முடித்தேன்.

முதல் ஏற்றத்தில் பாதி மலையில் கருவி ஒலித்தது. நூற்று ஐம்பத்தொன்பது. நான் பின்னால் காரில் இருந்தேன். கேப்டன் காரை நோக்கிக் கையைக் காட்டினார். அக்கா வாதாடவில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிவிட்டு முன்னிருக்கையில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தினாள். மூச்சு சீக்கிரமே சமநிலைக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வளைவில் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பெட்டியைக் கழற்றி அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு. கருவி போட்ட கணக்கு அவ்வளவுதான். வயது என்ற இடத்தில் அறுபத்தொன்று என்று இருந்தது.

"நீயும் கிராணி மாதிரியே எழுதிட்டியேடா," என்றாள்.

விஷயம் இதுதான். அக்கா லயத்து வீட்டில் பிறந்தவள். அவளுடைய பிறப்பை அப்போது யாரும் பதியவில்லை. மரம் சாய்ந்து அப்பாவின் கால் முறிந்த பிறகு வீட்டுக்கு இன்னொரு ஆள் சம்பளம் தேவைப்பட்டது. பத்து வயதுப் பெண்ணைப் பதினான்கு என்று சொல்லித் தோட்டத்து எழுத்தரான கிராணி காகிதம் எழுதினார். அப்பா கேட்டார், கிராணி எழுதினார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காலையில் பெயர் கூப்பிட்டார். நான்காம் வகுப்பிலிருந்து எழுந்து போனவள் மரத்துக்கு மரம் நடந்து, கோப்பைகளில் உறைந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கினாள். நான் மாவட்ட மருத்துவமனையில் பிறந்தவன்; என் தேதி சரியான தேதி. "நீ வயித்துல வந்தப்பதான் இவளுக்குப் பாலையே நிறுத்துனேன்," என்று அம்மா சொல்வார். எங்களுக்குள் ஒன்றரை வயது வித்தியாசம். அடையாள அட்டையில் அது ஐந்தரை. அந்த நான்கு வருட இடைவெளியை என் முதல் குறிப்பேட்டிலேயே நான் குறித்திருக்கிறேன். பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை போனோம். சான்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவளுக்கு அம்மாவின் வாய்தான் சான்று. அதற்குள் அம்மாவும் இல்லை. தொழிற்சாலை அவளை வீட்டுக்கு அனுப்பியபோது அவளுக்கு உண்மையில் ஐம்பத்தாறு. இவ்வளவும் தெரிந்த நான்தான் கடையில் யோசிக்காமல் அந்த ஆறு இலக்கங்களைத் தட்டினேன். தேதிகளில் நான் கெட்டிக்காரன் ஆனதே, அவள் ரப்பர் காட்டுக்குப் போனபோது நான் வகுப்பில் உட்கார்ந்திருந்ததால்தான்.

ஐம்பத்தேழு என்று எழுதியிருந்தால் நூற்று அறுபத்துமூன்று வந்திருக்கும். நான்கு துடிப்பு. அதை வைத்துக்கொண்டு மலை உச்சிக்குப் போயிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை. காரை விட்டு இறங்கும்போது, "டாக்டர்கிட்ட போவம். என் நெஞ்சு எவ்வளவு தாங்கும்னு என் நெஞ்சே சொல்லட்டும்," என்றாள்.

மருத்துவமனையில் ஓடுபொறியில் ஏற்றி, உடம்பெல்லாம் கம்பிகள் ஒட்டிச் சோதித்தார்கள். நூற்று எழுபத்தொன்று வரை போய், கோளாறு எதுவும் இல்லாமல் இறங்கினாள். மருத்துவர் இளம்பெண்.

"அந்த ஃபார்முலா பொதுவா சொல்றது ஆன்ட்டி. உங்க ஹார்ட் உங்களோடது. நூத்தி எழுவத்தொண்ணுன்னு நீங்களே செட் பண்ணிக்கலாம்," என்றார்.

"அப்ப வயசே வேணாமா?"

"இதுக்கு வேணாம்."

எனக்குப் பெரிய நிம்மதி. மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்திலேயே நூற்று எழுபத்தொன்று என்று உள்ளிட்டு, பெட்டியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வயசையும் மாத்து."

"அக்கா, இனிமே அது எந்தக் கணக்குக்கும் உதவாது."

"உதவாட்டி போவட்டும். பொய்யா இருக்குல்ல."

மாற்றினேன். ஆண்டு தெரியும். மாதத்துக்கு, பால்மரம் இலை உதிர்க்கும் பருவம் என்று அம்மா சொன்னதை வைத்துக்கொண்டோம். நாளை அவளே தேர்ந்தெடுத்தாள். ஏன் அந்த நாள் என்று கேட்டேன். "எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள். ஆதாரமில்லாத ஒரு தேதியை என் குறிப்பேட்டில் பேனாவால் எழுதியது அந்த ஒருமுறைதான்.

மருத்துவரின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேப்டன் தலையாட்டினார். அக்கா இரண்டாம் முறை ஏறினாள். வளைவுகளில் எழுந்து நிற்காமல், பெட்டியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக, நூற்று அறுபதைத் தாண்டி நூற்று அறுபத்தாறு வரை போனாள். கருவி வாய் திறக்கவில்லை. மேலே கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தாள். மறுபக்கம் இறங்கி, கோலா கிளாவாங்கில் ஒரு முஸ்லிம் கடையில் எல்லாரும் தேநீருக்கு உட்கார்ந்தோம். கேப்டன் அவளைப் படமெடுத்து, குழுவின் பக்கத்தில் போடப் போவதைச் சத்தமாக வாசித்தார். அறுபத்தொரு வயதில் மலையை வென்ற அக்கா. மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அம்பத்தேழு," என்றாள் அக்கா.

கேப்டன் சிரித்தார். "அறுபத்தொண்ணுன்னாதான் கெத்து லா அக்கா. அம்பத்தேழுல இந்த மலைய ஏறுனவங்க நம்ம குழுலயே நாலு பேரு இருக்காங்க."

"இருக்கட்டும். நான் அஞ்சாவது."

"ஐசில அறுபத்தொண்ணுதான?"

"பத்து வயசுல வேலைக்கி அனுப்பறதுக்கு நாலு வருசம் கூட்டுனாங்க கேப்டன். அதே நாலுதான் ஃபேக்டரிலருந்தும் என்னைய வெளிய அனுப்புச்சி. இப்ப நீங்க கைதட்டறதுக்கும் அதையேவா நான் குடுக்கணும்?"

கேப்டன் என்னைப் பார்த்தார். தேதி விஷயத்தில் குழுவே என்னைக் கேட்கும்.

"அம்பத்தேழுதான்," என்றேன்.

அவர் அழித்து எழுதினார். அக்கா கையை நீட்டிக் கைபேசியை வாங்கி, எண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சூடாக இன்னொன்று போடச் சொன்னாள்.