வேண்டுதலுக்கு எத்தனை கோடு?

நாளை டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். மலைக்கோயில் வேண்டுதல்களை வைத்து, எது எதோடு சேரும் என்று காட்டும் ஈ.ஆர். படம் வரைந்திருந்தேன். பக்தர் ஒரு பெட்டி, வேண்டுதல் ஒரு பெட்டி, இரண்டையும் சேர்க்க ஒரே கோடு. சுலபம் என்று நினைத்தேன்.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்குப் புது மொட்டை. சந்தனம்கூடக் காயவில்லை.

“இன்னாம்மா, வூட்டு பிளானா?” என்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

படத்தை விளக்கிவிட்டு, அவருடைய வேண்டுதல் என்னவென்று கேட்டேன்.

“எனுக்கு இல்லம்மா. எதிர் வூட்டுப் பொண்ணு, உன் வயசுதான். காய்ச்சல்ல பொழைக்குமான்னு கெடந்துச்சு. அதுக்காக வேண்டிக்கினேன்.”

“அவங்களுக்குத் தெரியுமாக்கா?”

“ஐயோ! ரெண்டு வூட்டுக்கும் பேச்சே கெடையாது. தெரிஞ்சா அவ அம்மா சண்டைக்கு வந்துடும்.”

“மொட்டையப் பாத்துக் கேட்டா?”

“பேன் தொல்லைன்னுவேன்!”

அவர் இறங்கியதும் படத்தை அழித்தேன். இப்போது வேண்டுதலிலிருந்து இரண்டு கோடுகள் போகின்றன. ஒன்று வேண்டிக்கொண்டவருக்கு, இன்னொன்று யாருக்காக வேண்டினாரோ அவருக்கு. அந்த இருவருக்கும் நடுவில் கோடே இல்லை. விட்டுப்போச்சா என்று மிஸ் கேட்டாலும் போடமாட்டேன்.

எங்கள் தெருவில் எங்களோடு பேசாத வீடு இரண்டு. இன்று அவற்றைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் தெருவில் எத்தனை?