பெரியம்மாவின் சிவப்புப் புள்ளி

என் பெரியம்மா பெயரைக் கேட்டாலே உலகத்து மிக்ஸிகள் அத்தனையும் நடுங்கும். பரிசோதனைக் கூடத்தில் பொருள்களைக் கழற்றிப் பார்த்து, நீடித்து உழைக்குமா, கெட்டால் சரிசெய்ய முடியுமா என்று பத்துக்கு மார்க் போடுவது அவர் வேலை. பசை போட்டு ஒட்டியிருந்தால் முட்டைதான். மூடியதும் ஸ்க்ரூ மேல் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைப்பார். புள்ளி உடைந்திருந்தால் வேறு யாரோ திறந்திருக்கிறார்கள்.

பெரியப்பா இறந்ததும் அவருடைய ஷேவரிலும் புள்ளி வைத்துவிட்டார். அது ஓடவில்லை. ஆனாலும் திறக்கமாட்டார். “உள்ள அவர் தாடி முடி இருக்கு. கொட்டிடும்.”

நான் ரகசியமாகத் திறந்து, பேட்டரியை மாற்றி, புதுப் புள்ளி வைத்து மூடினேன்.

இன்று பெரியம்மா சும்மா பொத்தானை அழுத்தினார். பெரியப்பா தினமும் காலையில் ஷேவ் செய்யும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முந்தானை கண்ணுக்குப் போனது.

“தானாவே சரியாயிடுச்சு போல. பத்துக்குப் பத்து போடுங்க பெரியம்மா.”

“முடியெல்லாம் கொட்டியிருக்குமோ?”

“ஒண்ணுகூட கொட்டல! பேப்பர்ல புடிச்சு, நானே திருப்பி...” நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பெரியம்மா நகப்பூச்சு போட்ட என் விரல்களை இழுத்து ஷேவர் பக்கத்தில் வைத்தார்.

“என் புள்ளி சிவப்புடி, வாலு. இது ரோஸ்.”